பள்ளி விட்ட பின்னர்

கினிகத்தேனைக் கடைத்தெருவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இளம்பிள்ளைகளை வளர்த்துவரும் தந்தையர் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மலைப் பிரதேசத்துப் பாடசாலைகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைபிடித்து அகரம் எழுதக் கற்றுக்கொடுத்து, ஓய்வுபெற்ற பிறகு ஹட்டன் வீதியோரத்துச் சிறு வீடொன்றில் காலங்கழித்துவரும் கிழவன் நான். உங்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். இன்னும் பலருடைய பிள்ளைகளும் என்னிடம் படித்திருக்கிறார்கள். ஆகையால் இம்மடலில் ஏதேனும் ஓரிடத்தில் உரிமை சற்று மிகுந்து ஒலித்தால், பழைய வாத்தியாருக்கு உள்ள சுதந்திரம் என்று அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நீங்கள் பிள்ளைகள்மீது வைத்திருக்கும் வாஞ்சையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. காய்ச்சல் என்றால் நடுச்சாமத்தில், கொட்டுகிற மழையில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் நீங்கள். தீபாவளிக்குக் கடன்பட்டேனும் பிள்ளைக்குச் சட்டை எடுத்துவிட்டு, தமக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வருகிறவர்களும் நீங்களே. நான் எழுத வந்தது பள்ளி மணி அடித்ததற்கும் தாய் வீடு திரும்புவதற்கும் இடையிலே கிடக்கும் பல மணி நேரத்தைப் பற்றி.

அவிசாவளையிலிருந்து கித்துல்கலையைக் கடந்து வளைந்து வளைந்து ஏறிவரும் பெரிய வீதியும் நாவலப்பிட்டி வீதியும் கூடுகிற இந்த ஊரின் மழையை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5000 மில்லிமீற்றர் மழை விழுகிறது. இலங்கைத் தீவிலேயே அதிகமாக நனைகிற மூலைகளில் இதுவும் ஒன்று. வைகாசி பிறந்துவிட்டால் தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மேகம் மாதக்கணக்கில் மலையை விட்டு அகல்வதில்லை. அப்படிப்பட்ட மழைக்காலத்து மத்தியானம் ஒன்றில், சென்ற வருஷம், என் வாசலில் ஒதுங்கி நின்றாள் ஒரு சிறுமி. இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ இருக்கும். தலையில் ஓர் உரப்பையைக் கொங்காணி போட்டிருந்தாள். சப்பாத்துகளைக் கழற்றி, நனைந்துவிடக்கூடாதென்று, புத்தகப்பைக்குள் வைத்திருந்தாள். கழுத்திலே கறுப்புக் கயிற்றில் ஒரு சாவி தொங்கியது. குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தாள். இரண்டு அட்டைகள் ஏறி ஊதிப்போய் இருந்தன. அவள் அலறவில்லை, என்னை அழைக்கவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து கடுதாசியில் மடித்த உப்பை எடுத்தாள், விரல் நுனியில் கிள்ளினாள், அட்டையின் வாயருகே வைத்தாள், அது சுருண்டு விழும்வரை காத்திருந்தாள், பிறகு மற்றதையும் அவ்வாறே செய்துவிட்டு, மீந்த உப்பைத் திரும்பவும் மடித்துப் பையிலே போட்டுக்கொண்டாள். “வீட்ல யாரும்மா இருக்காங்க?” என்று கேட்டேன். “தம்பிய பிள்ளைக் காம்பராவுல விட்டிருக்கு சேர். வீட்ல யாரும் இல்ல. அம்மா மலையில. அப்பா வேல முடிஞ்சு வந்திருப்பாரு, டவுனுக்குப் போயிருப்பாரு” என்றாள். அந்தச் சொல்லில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. மழை பெய்யும், அட்டை கடிக்கும், அப்பா டவுனுக்குப் போவார் என்று உலக இயல்புகளை ஒப்பிப்பதுபோலவே சொன்னாள். அந்தச் சொல் அன்று இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை.

அவளுடைய தாயின் நாளை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. விடியற்காலை நான்கு, நான்கரைக்கு எழுந்து, பீலியிலே தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பெரிய பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, சின்னப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவிலே ஆயம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறாள். தோட்டம் கேட்கிற 16 கிலோவோ 18 கிலோவோ கொழுந்து சேர்ந்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்கூலி. மாலை நாலரை மணிக்கு மலையை விட்டு இறங்கி, நிறுவைக்கு வரிசையில் நின்று, பிள்ளையை வாங்கிக்கொண்டு, வழியிலே விறகும் பொறுக்கிக்கொண்டு லயத்துக்கு வந்து சேரும்போது இருள் கவியத் தொடங்கியிருக்கும். பாடசாலையிலோ சின்ன வகுப்புகள் நண்பகலுக்கு முன்பே கலைகின்றன. பெரிய வகுப்புகள் 1.30க்கு. ஐந்து வயது கடந்த பிள்ளைக்குப் பிள்ளைக் காம்பராவிலும் இடமில்லை. ஆகவே ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை உள்ள நம் பிள்ளைகளுக்கு, ஒவ்வொரு நாளின் நடுவிலும், யாருடைய பொறுப்பும் அல்லாத ஒரு பொழுது உண்டு. அப்பாயியோ அம்மாயியோ உயிரோடும் நல்ல கண்பார்வையோடும் இருக்கிற வீட்டுக்கு அது பெரிய பாக்கியம். இல்லாத வீடுகளில் எட்டு வயது மூத்த பெண்பிள்ளையே அந்தப் பொழுதின் தாய். கல்யாண வீடோ, இளையதற்குக் காய்ச்சலோ, அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமலோ இருந்தால், இடாப்பில் முதலில் வரவில்லை என்று குறிக்கப்படுவது அவளுடைய பெயர்தான். இத்தனை ஆண்டுகள் இடாப்பு எழுதிய கையினால் இதனைச் சொல்கிறேன்.

அந்தப் பொழுதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? தோட்டத்து வேலையின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இக்கேள்விக்குப் பதில் தெரியும். கவ்வாத்து, கான் வெட்டு, மருந்தடி, உரம் போடுதல் என்று ஆண்களுக்கு வகுத்த வேலைகளில் குறித்த அளவை முடித்துவிட்டால் அன்றைய பேர் விழுந்துவிடுகிறது. பனியிலே தொடங்கிச் சுறுசுறுப்பாக வெட்டுகிறவர் நண்பகலுக்கோ ஒரு மணிக்கோ வீடு திரும்பிவிடுகிறார். கொழுந்தோ காலையில் எடுத்தாலும் மத்தியானம் எடுத்தாலும் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டிய பொருள். 1984ஆம் ஆண்டு வேலை நிறுத்தத்தின் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டங்களில் ஒரே சம்பளம் என்று ஆயிற்று. அதற்கு முன்னர் என் தாய் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் குறைந்த சம்பளத்துக்கு உழைத்தே கழித்தாள். சம்பளத்தில் வந்த அந்தச் சமத்துவம் மத்தியானப் பொழுதுவரை வந்து சேரவில்லை. உங்கள் உழைப்பை நான் அற்பமாக எண்ணவில்லை. கவ்வாத்துக் கத்தியை ஒரு நாள் முழுவதும் வீசியவனுடைய தோள் எப்படி வலிக்கும் என்பது, அந்தத் தோளுக்கு இரவிலே எண்ணெய் தேய்த்துவிட்ட மகனாகிய எனக்குத் தெரியும். அந்த அசதிக்கு ஒரு மணி நேரத் தூக்கம் நியாயமே. அதற்குப் பின்னும் சில மணி நேரம் மீந்திருக்கிறது என்பதே என் கணக்கு.

இந்த வழக்கம் உங்கள் சுபாவத்தினால் வந்ததென்று நான் கருதவில்லை. நமக்கு அமைத்துக்கொடுத்த வாழ்க்கையே அப்படிப்பட்டது. கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் நம் முன்னோரைத் தமிழகத்திலிருந்து கொண்டுவந்தவர்கள் குடும்பங்களைக் கைகளாகவே எண்ணினார்கள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம்கூட ஆண், பெண், பிள்ளை என்று மூன்று படிகளாகவே கூலியை வகுத்தது. பிள்ளையும் ஒரு சின்னக் கூலி, அவ்வளவே. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கும்படி கட்டிய லயத்தில், பகலில் ஓர் ஆண் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச இடம் எங்கே இருந்தது? ஆகவே அவன் வெளியே போனான், போனவன் பழகிப்போனான், பழக்கம் நாளடைவில் ஆண்மையின் இலட்சணமாகிவிட்டது. பிள்ளையைப் பகலிலே பார்த்துக்கொள்ள ஆயம்மா என்று தோட்டம் ஒருத்தியை நியமித்தபோதும், அது பெண் வேலை என்ற முத்திரை இன்னும் ஆழமாகவே பதிந்தது.

இனி என் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இம்மடலை எழுதத் தூண்டியதே அவருடைய நினைவுதான்.

அவர் கவ்வாத்துக்காரர். கையெழுத்துப் போடத் தெரியாதவர். பெருவிரலை மையில் தோய்த்துச் சம்பளம் வாங்கியவர். அறுபதுகளின் நடுப்பகுதி அது. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்தியாவுக்கு யார் போவது, இங்கே யார் இருப்பது என்று லயத்துக்கு லயம் பேச்சாக இருந்த காலம். என் தங்கை பிறந்த பிறகு அம்மாவுக்கு ஜன்னி கண்டு, ஏறத்தாழ ஒரு மாத காலம் ஆஸ்பத்திரியிலே கிடந்தாள். அக்காவும் நானும் அப்பாவின் கையில் விழுந்தோம். முதல் இரண்டு நாள் ரொட்டி கருகியது. மூன்றாம் நாள் முதல் கருகவில்லை. மத்தியானம் வேலை முடிந்து வரும்போது கவ்வாத்து மலையிலிருந்து சுள்ளிகளை ஒரு கட்டாகக் கொண்டுவருவார். அடுப்புக்கு வைப்பதற்கு முன், முன்வாசல் இஸ்தோப்பிலே அவற்றைப் பரப்பி, பத்துப் பத்தாக அடுக்கச் சொல்வார். எழுதத் தெரியாத அந்த மனிதர் எத்தனை தூர் வெட்டினோம் என்று கங்காணி ஏமாற்றாமல் இருப்பதற்காகத் தாமே வைத்திருந்த கணக்கு அது: பத்துக்கு ஒரு சுள்ளி, நூற்றுக்கு ஒரு தடித்த சுள்ளி. எனக்குப் பத்தின் பெருக்கம் விளங்கியது அந்தச் சுள்ளிகளில்தான். பின்னாளில் முப்பது ஆண்டுகள் நான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் அந்த முறையையே. மாசி மாதத்துக் காமன் கூத்தில் அவர் ரதியாக வேஷம் கட்டுகிறவர். அடுப்பு எரியும்போது மன்மதன் எரிந்த கதையைச் சொல்வார், சொல்லிக்கொண்டே எழுந்து ஆடியும் காட்டுவார். அந்த ஒரு மாதத்தில் நான் கேட்ட கதைகளின் அளவுக்கு அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அக்காவுக்கு இடுப்புவரை கூந்தல். அதிலே எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட அப்பா கற்றுக்கொண்டார். கத்தி பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் மயிரை மூன்றாகப் பிரிக்கும்போது எவ்வளவு மெதுவாக அசையும் என்பது இப்போதும் என் கண்முன் நிற்கிறது. வலிக்கிறதா வலிக்கிறதா என்று ஒவ்வொரு சிக்குக்கும் கேட்பார். வெளிச்சத்துக்காக இஸ்தோப்பில் வைத்தே பின்னுவார். ஒரு நாள் தொங்கல் வீட்டு மாமா அந்த வழியே போனவர் நின்று, “என்னா மச்சான், கவ்வாத்துக் கத்திய வச்சிட்டு சீப்பு புடிச்சிட்டியாக்கும்?” என்று கேட்டார். பீலியடியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மறுநாள் அக்காவை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில் பின்னிவிட்டார். அதற்கடுத்த வாரம் அம்மா வீட்டுக்கு வந்தாள். நடமாடவே பலமில்லாமல் வந்தாள். ஆயினும் சீப்பு அவள் கைக்குப் போயிற்று, சுள்ளிக் கணக்கு நின்றது, மத்தியானங்களில் அப்பா மறுபடியும் டவுனுக்குப் போகத் தொடங்கினார். அவருக்கு மனமில்லாமல் போகவில்லை. ஒரு சிரிப்பைத் தாங்க முடியவில்லை. எழுபதை எட்டப்போகும் இந்த வயதிலும் அந்த மூடிய கதவை நான் மறக்கவில்லை.

ஆகவேதான், உங்களைத் தடுப்பது நேரக் குறைவோ அன்புக் குறைவோ என்று நான் நினைக்கவில்லை. கேலிக்கு அஞ்சுகிறோம். துவைத்த சீலைத்துணியை ஓர் ஆண் கொடியிலே உலர்த்தினால், பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டால், அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுகிற சமூகம் நம்முடையது; அந்தப் பட்டப்பெயரை வைப்பவர்களும் பெரும்பாலும் தந்தையரே. உங்களுக்குள்ளே ஒருவருக்கொருவர் அந்தக் கேலியை நிறுத்திக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. நானும் இதிலே குற்றவாளி. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த நான், என் மகன் எந்தக் கையால் எழுதுகிறான் என்பதை அவன் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகே கவனித்தேன்; அதுவரை அவனுடைய மத்தியானங்கள் அனைத்தும் அவன் தாயினுடையவையாகவே இருந்தன.

எங்களுக்குப் படிப்பு இல்லையே, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று சிலர் கேட்கிறார்கள். பாடம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இருக்கிறார். சுவீடன் தேசத்தின் உதவியோடு 1986 முதல் நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் கட்டடமும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வந்த பிறகு, என் காலத்து ஒற்றை வாத்தியார் கொட்டகையின் நிலைமை மாறிவிட்டது. வீட்டிலே பிள்ளைக்கு வேண்டியது பேச்சுத்துணை. இன்றைக்கு வகுப்பில் யார் அழுதார்கள், யார் யாருடைய பென்சிலை எடுத்தார்கள், டீச்சர் என்ன நிறச் சேலை கட்டியிருந்தார் என்று பிள்ளை சொல்ல ஆரம்பித்தால், அதை முழுவதும் கேட்டு, அப்புறம் என்று ஒரு வார்த்தை போடுகிறவர் ஒருவர் வேண்டும். ஒரு நிகழ்ச்சியை முதலிலிருந்து கடைசிவரை கோவையாகச் சொல்லப் பழகிய பிள்ளை, வாசிப்பிலும் எழுத்திலும் முன்னேறுவதை நான் வருஷா வருஷம் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன்; பேசுவதற்கு ஆளில்லாத பிள்ளை எழுத்துக்களை அறிந்தும் வாக்கியம் அமைக்கத் தடுமாறுவதையும் கண்டிருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டில் அரசாங்கம் நாடு முழுவதும் எடுத்த குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர் என்று கண்டார்கள். தோட்டப் பகுதியில் மட்டும் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 32 பேர். மூன்றில் ஒரு பிள்ளை. வறுமையும் சம்பளமும் தண்ணீரும் தாயின் உடல்நிலையுமே இதற்கு முதற்காரணங்கள். அவற்றுக்காக நாம் கேட்கவேண்டியவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஆயினும் காலையில் சுட்ட ரொட்டி மத்தியானத்தில் ஆறி விறைத்துப்போக, பிள்ளை அதில் பாதியைச் சாயத் தண்ணியில் நனைத்துத் தின்றுவிட்டு மீதியைக் கோழிக்குப் போடுவதை நான் எத்தனையோ வீடுகளில் கண்டேன். அந்த நேரத்தில் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு பிடி பருப்பை வேகவைத்து, லயத்துக் கோடியில் முளைத்த கீரையைக் கிள்ளிப்போட்டு, முட்டை இருந்தால் ஒன்றை அவித்து, சூட்டோடு பக்கத்திலிருந்து ஊட்டினால் பிள்ளை உண்ணும் அளவே வேறாகிவிடும். கிளினிக்கில் கொடுக்கிற வளர்ச்சிப் பதிவேட்டை உங்களில் எத்தனை பேர் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள்? அதில் பிள்ளையின் நிறையைப் புள்ளி புள்ளியாகக் குறித்துக் கோடு இழுத்திருப்பார்கள். அந்தக் கோடு எந்த மாதத்தில் தளர்ந்தது என்பதை மிட்வைஃப் அம்மாவும் தாயும் மாத்திரம் அறிந்திருந்தால் போதாது. வீட்டுக்கு வருகிற திரிபோஷச் சத்துமாப் பையை, பெரியவர்கள் தேத்தண்ணியோடு பகிர்ந்து உண்ணாமல், யாருக்காகத் தந்தார்களோ அந்தப் பிள்ளைக்கே உருண்டை பிடித்துக் கொடுப்பதும் உங்கள் கையில் இருக்கிறது.

டவுனில் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஓட்டோ ஓட்டுபவர்களுக்கும் மத்தியானம் ஓய்வு நேரமன்று என்பதை நான் அறிவேன். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளையைக் கடைக்கே அழைத்து, கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளும் தந்தையர் இருவரை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களைக் காணும்போதெல்லாம் மனம் குளிர்கிறது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைப்பவர்கள், அனுப்பிய பணம் கிடைத்ததா என்று மனைவியிடம் கேட்டு முடித்த பிறகு, போனைப் பிள்ளையின் காதில் வைக்கச்சொல்லி ஐந்து நிமிஷமாவது அதன் பேச்சைக் கேளுங்கள்.

நான் சொல்வது ஏதோ நூதனமான காரியம் என்று எண்ண வேண்டாம். நம் பாடசாலைகளுக்கு உதவிய அதே சுவீடன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் விடுமுறையைத் தந்தையும் எடுக்கலாம் என்று 1974ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. நம் நாட்டில் அரசாங்க உத்தியோகத்தனுக்குப் பிள்ளை பிறந்தால் மூன்று நாள் விடுமுறை உண்டு; தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. அதனை வேண்டுகிற காலம் ஒன்று வரவேண்டும். மத்தியானத்துக்கோ எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. அது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

பெண்பிள்ளை உள்ளவர்கள் தலை பின்னக் கற்றுக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து வைத்து, இஸ்தோப்பிலே, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பின்னிவிடுங்கள். யாராவது கேலி செய்தால், வாத்தியார் எழுதியிருக்கிறார் என்று என் தலையிலே போட்டுவிடுங்கள்.

இந்த மடலை எழுதி முடிக்கும்போதும் வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது. இன்றிரவு விடுகிற மாதிரி இல்லை. நாளைக்குப் பள்ளி உண்டு, 1.30க்கு விடும். கீழ் லயத்துக்குப் போகிற பாதையிலே மதகுக்கு மேலாகத் தண்ணீர் பாய்கிறது என்று பால் கொண்டுவரும் பையன் சொன்னான். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை முதுகில் தூக்கிக் கடத்துகிறார்களாம். அந்த லயத்துத் தந்தையர் ஒருவராவது இருவராவது அந்த நேரத்தில் அங்கே வந்து நில்லுங்கள். வரும்போது கொஞ்சம் உப்பும் எடுத்துவாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் பழைய வாத்தியார்,
கினிகத்தேனை.